நடுங்காத கை

"ஆம்பளையாப் பேசணும் டீச்சர். கேக்கிறவன் நடுங்கணும். அப்படி ஒண்ணு எழுதிக் குடுங்க."

வேட்பாளர் வேலாயுதப் பெருமாள் கதவைச் சாத்திவிட்டு நின்றார். ஐம்பத்திரண்டு வயது. முறுக்கிய மீசை. வலது கை எப்போதும்போல் முஷ்டியாக மூடியிருந்தது. இடது கையில் ஒரு தாம்பாளம்.

பொன்மலர் எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். அவளுக்கு இருபத்தாறு வயது. இரண்டு வருடம் பள்ளியில் பாடம் எடுத்தவள். இப்போது இந்தத் தேர்தல் அலுவலகத்தில் அவருக்குப் பேச்சு எழுதித் தருகிறாள், பேசவும் கற்றுத் தருகிறாள். அவர் உட்பட எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

தாம்பாளத்தில் ஓர் ஊதா நிறச் சேலை. இரண்டு முழம் மல்லிகை. ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல்.

"காலையில வாசல்ல வச்சிட்டுப் போயிருக்கானுவ. வச்சதை வீடியோவும் எடுத்துட்டானுவ. ஊர் பூரா ஓடுது."

"பார்த்தேன் அண்ணாச்சி."

"சிரிச்சீங்களா?"

"இல்ல. பயந்தேன்."

"நீங்க எதுக்குப் பயப்படணும்?"

"சாயங்காலம் தேரடிக் கூட்டத்துல நீங்க என்ன பேசப் போறீங்களோன்னு."

அவர் உட்கார்ந்தார்.

முந்தின நாள் கடைத்தெருவில் இரண்டு கட்சி ஊர்வலங்களும் எதிரெதிரே வந்துவிட்டன. அவர் தன் பிரசார வண்டியைத் திருப்பச் சொன்னார். வண்டி திரும்பியது. நடந்தது அவ்வளவுதான்.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க குறுக்க நின்னுச்சு, அதான் திருப்பினேன்னு சொல்லலாமா?"

"நின்னாங்களா?"

அவர் யோசித்தார்.

"நேத்து ஞாயித்துக்கிழமை."

"வேற?"

"ஆம்புலன்ஸ் வந்துச்சுன்னு?"

"வந்துச்சா?"

"வரல்ல."

கதவு தட்டப்பட்டது. நகரச் செயலாளர் தளவாய் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"அண்ணாச்சி, பயலுவ ரெடியா இருக்கானுவ. மேடையில நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். 'வளையல் யாருக்குன்னு காட்டிட்டு வாங்கலே.' மிச்சத்தை நாங்க பாத்துக்கிடுதோம்."

"ம்."

"மீசையை நல்லா முறுக்கிட்டு வாங்க."

தளவாய் போய்விட்டார்.

ஜன்னலுக்கு எதிரே ஒரு லாரி ஷெட். அதற்குள் நாற்பது பேர் இருந்தார்கள். கம்புகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஷெட்டுக்கு வெளியே மின்கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தது. தேரடியில் பேசுவது அங்கேயும் கேட்கும். அதற்காகத்தான் அவர்கள் அங்கே காத்திருந்தார்கள்.

"அந்த வார்த்தையைச் சொல்லப் போறீங்களா?"

"சொல்லலேன்னா என்னை எவன் மதிப்பான்?"

"சொன்னா?"

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"முன்னால நிக்கான் பாருங்க, சிவப்புச் சட்டை. போன மாசம்தான் அவனுக்குக் கல்யாணம். நான்தான் தாலி எடுத்துக் குடுத்தேன்."

பொன்மலர் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை.

"வலது கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்க."

முஷ்டியை மேஜைமேல் வைத்தார்.

"விரிங்க."

அவர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

கை ஆடியது. மேஜைமேல் வைத்திருந்தும் ஆடியது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது நிற்கவில்லை.

"எப்ப இருந்து?"

"முத மேடையில இருந்து. மூடிக்கிட்டா தெரியாது."

அவர் தலைக்குப் பின்னால் சுவரொட்டி. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு முஷ்டி. கீழே சிவப்பு எழுத்தில் இரண்டே சொல்: நடுங்காத கை. ஊரில் சுவர் தவறாமல் அது ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவள் அவள்தான். சேர்ந்த புதிதில், வேலை நிலைக்குமா என்ற பயத்தில், எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று எழுதியது.

"அப்ப அந்தக் கை?"

"டிரைவர் கை. போட்டோ எடுக்கும்போது என் கை ஆடிக்கிட்டே இருந்துச்சு. படம் கலங்கிட்டு. போட்டோக்காரன் டிரைவர் கையைப் படம் எடுத்துப் போட்டுட்டான்."

"என்கிட்ட சொல்லலியே?"

"நீங்க நல்லா எழுதியிருந்தீங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை.

அவள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தாள். தாம்பாளத்திலிருந்து ஒரு வளையலை எடுத்தாள்.

"என்ன செய்யுதீங்க?"

"எங்கம்மா வளையல்காரி. ஊர் ஊராத் திருவிழாவுக்குப் போவாங்க. என்னைப் படிக்க வச்சது இதுதான். கையைக் குடுங்க."

"டீச்சர், வெளிய நாப்பது பேரு நிக்கானுவ."

"கதவு தாழ்தான போட்டிருக்கு? குடுங்க."

அவருடைய கை ஆளுக்குப் பொருந்தாத சின்னக் கை. அவள் சோப்பைத் தடவி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, விரல் முட்டிகளை அமுக்கி, வளையலை ஏற்றினாள். வெளியே யாரோ விசில் அடித்தார்கள். அவர் சட்டென்று கையை மூடினார்.

வளையல் உடைந்தது. முட்டியில் மெல்லிய கோடாக ரத்தம்.

இரண்டாவதும் உடைந்தது.

"பயந்தவன் கையில ஏறாது போலிருக்கு."

"அம்மாகிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் பயந்துக்கிட்டுத்தான் கையை நீட்டுவாங்க. நடுங்குற கையில ஏறும் அண்ணாச்சி. மூடுற கையிலதான் உடையும்."

மூன்றாவது ஏறியது. பிறகு இன்னும் மூன்று.

அவள் கையை விட்டாள்.

நான்கு வளையல்களும் ஒலித்தன. அவர் கையை அசைக்கவே இல்லை. அவை பாட்டுக்கு ஒலித்தன.

அவர் இடது கையால் அவற்றைப் பொத்தினார்.

"இதைப் போட்டுக்கிட்டு மைக் முன்னால நின்னா ஊருக்கே கேக்கும்."

"கேக்கும்."

"கேட்டா என்ன ஆகும்?"

"தெரியல."

"டீச்சர்னு உங்ககிட்ட வந்தா, தெரியலங்கீங்க?"

"சிரிக்கலாம். கல்லெறியலாம். நீங்க தோத்துப்போகலாம். எனக்கு வேலை போகலாம். நான் எல்லாத்தையும் நினைச்சுப் பார்த்துட்டேன் அண்ணாச்சி. வேற எதுவும் நினைக்க முடியல."

அவள் காகிதத்தை இழுத்து எழுதினாள். எழுத நேரம் ஆகவில்லை. மடித்துக் கொடுத்தாள்.

அவர் பிரித்துப் படித்தார்.

*நேத்து எனக்குப் பயமா இருந்துச்சு. வண்டியைத் திருப்பச் சொன்னேன்.*

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான நடந்துச்சு?"

"இதை ஒரு ஆம்பளை மைக்ல சொல்லுவானா?"

"நான் கேட்டதில்ல."

அவர் காகிதத்தை மறுபடி மடித்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் வைத்தார். முழுக்கைச் சட்டை. சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுப் பொத்தான் போட்டார். வளையல் மறைந்தது. விரல்கள் மறுபடி முஷ்டியாக மூடிக்கொண்டன.

வாசலில் நின்று கேட்டார்.

"கழட்டணும்னா?"

"சோப்பு போட்டுக் கழட்டலாம். இல்லேன்னா உடைக்கணும்."

"உடைக்கிறது சீக்கிரம் ஆகும்."

"ஆமா."

போய்விட்டார்.

பொன்மலர் தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். இரண்டு வளையலின் துண்டுகள் இருந்தன. தேரடிக்குப் போகும் வழியில் அவர் கையில் ஏறிய நான்கும் உடைந்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு, இருக்காது என்று நினைத்தாள். எதை நினைத்தாலும் பயமாக இருந்தது.

ஆறரை மணிக்குக் குழாய் கரகரத்தது. தளவாயின் குரல் வந்தது.

"வளையல் அனுப்பினவனுக்குப் பதில் சொல்ல வருது! நடுங்காத கை!"

விசில். கைதட்டல். வெடிச்சத்தம்.

லாரி ஷெட்டில் நாற்பது பேரும் எழுந்தார்கள். சுவரோரத்துக் கம்புகள் கைகளுக்கு வந்தன. சிவப்புச் சட்டைக்காரன் எல்லோருக்கும் முன்னால் வந்து, குழாயை அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

பொன்மலர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கைதட்டல் ஓய்ந்தது. யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல்.

குழாயிலிருந்து முதலில் வந்தது குரல் இல்லை.

கண்ணாடியோடு கண்ணாடி உரசும் சின்னச் சத்தம். விடாமல், தாளமில்லாமல், யாரும் ஆட்டாமல் தானே வருகிற சத்தம்.

ஷெட்டில் ஒருவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்தினான்.

சத்தம் வந்துகொண்டே இருந்தது.

சிவப்புச் சட்டைக்காரன் கம்பைக் கீழே வைத்துவிட்டு, வியர்த்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.