வளைவுக்கு முன் ஹாரன்

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். பெயர் நிலோஃபர். வயது முப்பதைத் தொட்டிருக்கும். செல்போன் கடையின் மாடியில் அனிமேஷன் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்களில் தலை நரைத்தவர் ஒருவர்தான். வால்பாறை மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நாச்சிமுத்து.

நாச்சிமுத்து பொழுதுபோக்குக்காகப் படிக்க வரவில்லை. அவர் மனைவி மயிலாத்தாளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிருந்தது. வலது கை விழுந்துவிட்டது, இடது கை நடுங்கும். கம்ப்யூட்டரில் படத்தை அழுத்தி வேண்டியதைக் கேட்கப் பழக்குங்கள் என்றார் டாக்டர். விலைக்குக் கிடைத்த படங்களில் இருந்தது யார் வீட்டுச் சொம்போ. மயிலாத்தாளுக்கு அவள் வீட்டுச் சொம்பே வேண்டும் என்று மனிதர் தானே வரையக் கிளம்பிவிட்டார்.

வரைந்தும் விட்டார். சொம்பை அழுத்தினால் தண்ணீர் சாயும். போர்வையை அழுத்தினால் விரியும். ஜன்னலை அழுத்தினால் திறக்கும். மயிலாத்தாள் ஒரு வாரம் அதில் கேட்டுக் கேட்டு வாங்கினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒருநாள் காலை சிஷ்யர் லேப்டாப்பும் தொங்கிப்போன முகமுமாக வந்தார்.

"பட்டனுக்கெல்லாம் சத்தம் வெச்சனுங்க டீச்சர். அதுல இருந்து அவ தொடவே மாட்டேங்கறா."

"திறங்க ஐயா, பாக்கலாம்."

நிலோஃபர் மவுஸை நகர்த்தினார். திரையில் அம்புக்குறி சொம்பின் மேல் வந்ததுமே ஹாரன் அலறியது. போர்வையின் மேல் போனது, அங்கும் ஹாரன். ஜன்னலிலும் ஹாரன். எதையும் அவர் அழுத்தவே இல்லை. கீழே செல்போன் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அனிமேஷனில் ஒரு பட்டனுக்கு ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கட்டம் உண்டு. சும்மா கிடக்கும்போது ஒன்று, அம்பு மேலே வரும்போது ஒன்று, அழுத்தும்போது ஒன்று. அழுத்தும் கட்டத்தில் வைக்க வேண்டிய சத்தத்தை நாச்சிமுத்து அம்பு வரும் கட்டத்திலேயே வைத்திருந்தார்.

"ஏன் இங்க வெச்சீங்க?"

"வளைவு வர்றதுக்கு முன்னாடியே ஹாரன் அடிக்கோணுமுங்க. திரும்புனதுக்கப்புறம் அடிச்சு என்ன பிரயோசனம்?"

மலைப்பாதை டிரைவருக்கு இதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது. நிலோஃபர் சிரிக்கவில்லை.

"அம்மா என்ன பண்ணாங்க?"

"கை நடுங்குதுங்களே. சொம்புக்குப் போறதுக்குள்ள எல்லாப் பட்டன் மேலயும் போயிருது. எல்லாம் கத்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து என்னன்னு கேட்டாங்க. அவ மவுஸைத் தள்ளிவுட்டுட்டுச் சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா." அவர் குரல் இறங்கியது. "நேத்து உதடெல்லாம் காஞ்சு கெடக்குது, தண்ணி கேக்கலீங்க. கேக்கறதையே வுட்டுட்டா டீச்சர். இப்பிடியே வுட்டுட்டா அப்புறம் எப்பவுமே கேக்க மாட்டான்னு பயமா இருக்குது. எந்தச் சத்தம் வெச்சா மறுபடி தொடுவா?"

குரு லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்தார்.

"அது இருக்கட்டுங்க ஐயா. உங்க பஸ் கதை ஒண்ணு சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

குரு கேட்டால் மறுக்க முடியுமா. அதிலும் பஸ் கதை என்றால் நாச்சிமுத்துவுக்கு வேறென்ன வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு நா ராத்திரி, கடைசி டிரிப்புங்க. ஒரே பனி. கொண்டை ஊசி வளைவுல திரும்பறேன், ரோட்டுக்குக் குறுக்கால ஆனை நிக்குது. தந்தம் இத்தாத்தண்டி."

நிலோஃபர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி நெறையச் சனம். கண்டக்டர் பயந்து என் சீட்டுக்குக் கீழ உக்காந்துட்டான்."

குருவின் முகத்தில் ஒன்றுமில்லை. தலைகூட ஆடவில்லை.

"ஆனை ஒரு எட்டு முன்னால வெச்சுது... கேக்கறீங்களா டீச்சர்?"

பதில் இல்லை.

"நானு... லைட்டை அணைச்சேன். அப்புறம்... அவ்வளவுதானுங்க."

"ஆனை போச்சா?"

"போச்சுங்க."

"இவ்வளவு சீக்கிரமாவா போச்சு?"

"அது ரொம்ப நேரம் நின்னுதுங்க. பெரிய கதை. நீங்க ம் கொட்டவே இல்லீங்களே, அப்புறம் எப்பிடிச் சொல்றது?"

நிலோஃபர் இப்போதுதான் சிரித்தார். "இந்தக் கதைய முழுசா யார்கிட்டச் சொல்லியிருக்கீங்க?"

நாச்சிமுத்து தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார்.

"மயிலாகிட்டத்தான். டூட்டி முடிஞ்சு வந்து அடுப்படிக் கதவு நிலையில சாஞ்சுக்குவேன். அவ முதுகைக் காட்டிட்டுத் தோசை ஊத்துவா. திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. நான் பேசப்பேச ம், ம்னு மட்டும் வரும். கேக்கறாளோ இல்லியோன்னு நெனப்பேன்." துண்டால் கண்ணைத் துடைத்தார். "அந்த ம்-முலதானுங்க டீச்சர் நான் மறுநாளு வண்டி எடுத்தேன். அவ நல்லா இருக்கோணும். ஒரு நாள்கூட இதை அவகிட்டச் சொன்னதில்லீங்க."

குரு லேப்டாப்பைத் திறந்து மைக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நாச்சிமுத்து ஹாரனை அழித்தார். மைக்கில் குனிந்து, "ம்!" என்றார்.

"இதுவும் ஹாரன்தானுங்க ஐயா."

மறுபடி சொன்னார். அதட்டுவதுபோல் இருந்தது. இன்னொன்று சலித்துக்கொள்வதுபோல் இருந்தது. கடைசியில் கண்ணை மூடி, அடுப்படி நிலையில் சாய்வதுபோலச் சுவரில் சாய்ந்துகொண்டு, மெல்லச் சொன்னார். நிலோஃபர் அதை எடுத்து ஒவ்வொரு பட்டனிலும் அழுத்தும் கட்டத்தில் வைத்தார். அம்பு எல்லாவற்றின் மேலும் நடுங்கி நடுங்கிப் போனது. எதுவும் கத்தவில்லை. சொம்பை அழுத்தினார். ம் என்றது.

அடுத்த வாரம் நாச்சிமுத்து ஒரு தார் செவ்வாழையோடு மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது, முகம் மலர்ந்திருந்தது.

"தொட்டுட்டா டீச்சர்! சொம்பை அமுக்குனா. ம்-முன்னுச்சு. லேப்டாப்பைப் பாத்தா, என்னையப் பாத்தா, மறுபடி லேப்டாப்பைப் பாத்தா. தண்ணி கொண்டாந்து குடுத்தேன், பூராவும் குடிச்சா. உங்குளுக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க. எங்க ரெண்டு பேரு உசுரையும் காப்பாத்திட்டீங்க."

"ரொம்பச் சந்தோசமுங்க ஐயா."

வாழைத்தாரை மேசைமேல் வைத்தார். ஆனால் உட்காரவில்லை. தலையைச் சொறிந்தார்.

"என்னங்க ஐயா?"

"பட்டன்ல சின்னதா ஒரு பழுது இருக்குதுங்க டீச்சர். சாயங்காலமானா சொம்பை அமுக்கறா. தண்ணி கொண்டு போனா வேண்டாமுன்னு தலையாட்டறா. போர்வையை அமுக்கறா. போத்திவுட்டாத் தள்ளிவுடறா. என்னையப் பாத்துட்டே, சொம்பு, ஜன்னலு, போர்வைன்னு அமுக்கீட்டே இருக்கறா. அது ம், ம்னுட்டே இருக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க."

நிலோஃபர் லேப்டாப்பைத் திறக்கவில்லை. வாழைத்தாரில் இரண்டு பழம் மட்டும் பிய்த்துக்கொண்டு, மீதியை அவர் கையிலேயே கொடுத்தார்.

"பழுது ஒண்ணுமில்லீங்க ஐயா. இத்தனை வருசம் நீங்க கதை சொன்னீங்க, அவங்க ம் கொட்டுனாங்க. இப்ப அவங்க சொல்றாங்க."

நாச்சிமுத்து தாரை மார்போடு அணைத்தபடி நின்றார். பிறகு, மெல்ல, "ம்" என்றார்.