டேங்கின் இரண்டாம் வாசல்

முன்னொரு காலத்தில், மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய கார் இருந்தது. அதன் பின்பக்கம், சாமான் வைக்கும் இடத்துக்கு அடியில், ஒரு பெட்ரோல் டேங்க் படுத்திருந்தது. படுத்திருந்தது என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். வீற்றிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காரில் தன்னைத் தவிர மற்ற எல்லோரும் வாங்கித் தின்கிறவர்கள் என்பது அதன் எண்ணம்.

"நான் கொடுப்பவன். கொடுத்ததில் ஒரு சொட்டைத் திரும்ப வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது" என்று அது சக்கரங்களிடம் அடிக்கடி சொல்லும். சக்கரங்கள் பாவம், சுற்றுகிற மும்முரத்தில் பாதிதான் காதில் விழும்.

சொன்னது பொய்யில்லை. டேங்கிலிருந்து இன்ஜினுக்கு ஒரே ஒரு பைப்தான் போனது. பழைய இன்ஜினும் அதற்கேற்ற ஆள். வந்த பெட்ரோலைப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அது தீரத் தீரக் கேட்கும். மறுபேச்சு பேசாது. ஒருநாள் அதன் மூச்சு நின்றுபோனது.

காரின் சொந்தக்காரி சாந்தாமணி, நாற்றுப் பண்ணை வைத்திருப்பவள். காரை விற்க அவளுக்கு மனம் வரவில்லை. மெக்கானிக் நாச்சிமுத்துவிடம் சொல்லிப் புதுக் காலத்து இன்ஜின் ஒன்றை மாட்டச் சொன்னாள்.

புது இன்ஜினுக்குக் கிண்ணம் கிடையாது. பெட்ரோல் நல்ல அழுத்தத்தோடு, வேண்டியதைவிடக் கூடுதலாகவே அதன் வாசலுக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். அதற்காக நாச்சிமுத்து ஒரு கரண்ட் பம்ப்பையும் சேர்த்து மாட்டினார். மிச்சப் பெட்ரோல் திரும்பிப் போக இன்னொரு பைப்பை இழுத்தார். அந்தப் பைப் காரின் அடிவயிற்றோடு ஊர்ந்து டேங்க் வரைக்கும் வந்து, உள்ளே நுழைய வாசல் தேடியது. வாசல் இல்லை.

"ஏனுங் அம்மிணி, டேங்குல ஒரு ஓட்டை போடோணுமுங்க" என்றார் நாச்சிமுத்து.

"அய்யோ, வேண்டாமுங்ணா! எங்கய்யன் ஆசைஆசையா வாங்குன வண்டி. டேங்கு மேல கை வெக்காதீங்க."

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். "செரி, அடைச்சு வெச்சு ஓட்டிப் பார்ப்போமுங்க" என்று அந்தப் பைப்பின் வாயில் ஒரு போல்ட்டைத் திருகி விட்டார். கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அப்பன் பேரைச் சொல்லிக் கண்கலங்கும் பெண்ணிடம் யார் வாதாடுவது?

தன் மேல் யாரும் கை வைக்கவில்லை என்ற பெருமையில் டேங்குக்குத் தலைகால் புரியவில்லை.

"ஐயா, மிச்சத்தைத் திருப்பி அனுப்ப வழி வேண்டுமே" என்று புது இன்ஜின் தயங்கித் தயங்கிச் சொன்னது.

"மிச்சமா? நான் போட்டதை மிச்சம் வைப்பாயா? போதவில்லை என்றால் கேள், தருகிறேன். திருப்பி அனுப்புகிற பழக்கமெல்லாம் இந்த வண்டியில் கிடையாது."

மறுவாரம் சாந்தாமணி பின்சீட்டு நிறைய நாற்றுகளை அடுக்கிக்கொண்டு கோத்தகிரிக்குப் புறப்பட்டாள். மலை ஏற ஏற இன்ஜின் திணறியது. பம்ப் தள்ளியது, பெட்ரோல் வந்தது, மேலும் வந்தது. போக வழியில்லாத பெட்ரோல் எல்லாம் இன்ஜின் வாய்க்குள்ளேயே நெருக்கிக்கொண்டு விழுந்தது. கரும்புகை கிளம்பியது.

"போதும் ஐயா, போதும்!" என்று இன்ஜின் கத்தியது.

டேங்கின் காதில் அது விழத்தான் செய்தது. ஆனால் விருந்தில் போதும் என்று சொல்வதை யார் நம்புகிறார்கள்? கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அள்ளி அனுப்பியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் இருமி, விக்கி, நின்றது.

சாந்தாமணி இறங்கி நாச்சிமுத்துக்குப் போன் செய்துவிட்டுச் சாலையோரச் சுவரில் உட்கார்ந்தாள். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. முதலில் மரங்கள் மறைந்தன, பிறகு சாலை மறைந்தது, கடைசியில் கார் தன்னையே பார்க்க முடியாமல் வெள்ளைக்குள் மிதந்தது. எங்கோ ஓர் ஓடை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அந்த வெண்மையில் டேங்குக்குத் தான் இரும்பா, புகையா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு விசும்பல் கேட்டது.

"யார் அழுவது?"

"நாங்கள்தான். நீங்கள் அனுப்பிய பெட்ரோல். இன்ஜினுக்கு வேண்டியதுபோக மீந்து, வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டோம். போல்ட் போட்டிருக்கிறது."

இருமல் அடங்கிய இன்ஜின் மெல்லச் சொன்னது: "ஐயா, கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைப் பார்த்திருக்கிறீர்களா? வாளி நிறைய இருந்தால்தான் கடைசி இலை வரைக்கும் பயமில்லாமல் பரிமாறலாம். பந்தி முடிந்ததும் மிச்சம் வாளியோடு சமையற்கட்டுக்குத்தான் போகும். அதற்காகச் சமைத்தவர் கோபித்துக்கொள்வாரா? மிச்சத்தையெல்லாம் ஒரே இலையில் கொட்டினால், சாப்பிடுகிறவன் கதி என்ன?"

மேகத்துக்குள்ளிருந்து ஒரு மோட்டார் பைக் சத்தம் வந்தது. நாச்சிமுத்து காரின் முன்பக்கத்தை முகர்ந்து பார்த்தார். "நாந்தானுங்க தப்புப் பண்ணிப்போட்டேன். அன்னிக்கே அடிச்சுச் சொல்லியிருக்கோணும். மிச்சம் திரும்பிப் போகாம இது ஓடாதுங்க."

சாந்தாமணி நனைந்துபோய், சலித்துப்போயிருந்தாள். "அப்பிடீன்னா அந்த டேங்கைக் கழட்டி எறிஞ்சுட்டு வேற மாட்டிருங்ணா."

எறிஞ்சுட்டு! டேங்கின் உள்ளே இருந்த பெட்ரோல் ஒருமுறை ஆடி அடங்கியது.

"ஓட்டை போட்டுப் பார்க்கறேனுங்க. தகரம் தாங்குச்சுன்னா இதே இருக்கட்டும். விரிசல் உட்டா எடைக்குப் போட்டரலாம்."

காரைக் கட்டி இழுத்துக் கீழே கொண்டுபோனார்கள். நாச்சிமுத்து டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, வாடை போகும்வரை அலசி, தீப்பொறிக்கு இடம் கொடுக்காமல் தண்ணீரை நிரப்பினார். பெட்ரோலே குடித்துப் பழகிய உடம்பில் தண்ணீர் புகுந்ததும் டேங்குக்குப் பாதி மயக்கம். துளையிடும் கருவி வயிற்றில் வந்து உட்கார்ந்தது.

வீம்புக்கு ஒரு விரிசல் விட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். யாரிடமும் எதையும் வாங்காதவன் என்ற பேரோடு பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரலாம். டேங்க் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தது. ஆனால் வாசலில் அழுதுகொண்டு நிற்கும் அந்தப் பெட்ரோலுக்கு அப்புறம் வீடு ஏது? அது மூச்சைப் பிடித்துக்கொண்டது. வலித்தது, ரொம்பவே வலித்தது. தகரம் தாங்கியது.

நாச்சிமுத்து துளையில் ஒரு பித்தளைக் குழலை வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். டேங்கை உலர்த்தி மாட்டி, பெட்ரோல் ஊற்றி, இரண்டாவது பைப்பிலிருந்து போல்ட்டைக் கழற்றிவிட்டு இணைத்தார். சாந்தாமணி சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமவில்லை, மெல்லப் பாடியது.

கொஞ்ச நேரத்தில் புது வாசலில் சலசலப்புக் கேட்டது. இளஞ்சூடாக, முன்பக்கத்து வெப்பத்தைச் சுமந்துகொண்டு பெட்ரோல் உள்ளே இறங்கியது.

"இன்ஜின் என்ன குறை கண்டான்?" என்று டேங்க் கேட்டது.

"ஒரு குறையும் இல்லை ஐயா. வயிறு நிறைந்துவிட்டது என்று உங்களிடம் சொல்லச் சொன்னான்."

இத்தனை காலம் கொடுத்தும், அந்த ஒரு வார்த்தை டேங்கை வந்து சேர்ந்ததே இல்லை.