வாலில்லாப் பூவின் இரண்டு பெயர்கள்

இந்தக் கதையைப் பல ஆண்டுகளாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் அவர் சொன்னதில் 'விட்டுக்கொடுத்தேன்' என்ற ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத மனசுக்கு வருகிற சந்தேகமோ என்னவோ. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சொன்னவர் கைருன்னிசா மேடம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவர் ஓய்வு பெறும் நிலையில் இருந்தார். அவரும் உடன் பணியாற்றிய ஐயம்பெருமாளும் இளவயதில் ஒரு மழைக்காலத்தில் களக்காட்டு மலைக்குப் போயிருந்தார்கள். வழுக்குப் பாறையில் ஏறி, நீர் கசியும் இடுக்கிலிருந்து ஒரு சிறு செடியைப் பறித்து வந்தவர் ஐயம்பெருமாள். பார்ப்பதற்குக் காட்டுக் காசித்தும்பை போல இருந்தது. காசித்தும்பைப் பூவின் பின்னால் வால் போல ஒரு குழல் நீண்டிருக்கும். இதில் அது இல்லை என்று கண்டவர் கைருன்னிசா. அந்த இதழ்களைக் காயவைக்கத் தாளுக்கிடையே வைத்து அழுத்தினால் கூழாகி ஒட்டிக்கொள்ளும். அதனால் பாறையடியிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு லென்ஸில் பார்த்துவிட்டார். அவர் ஏறாவிட்டால் செடி இல்லை, இவர் பார்க்காவிட்டால் செய்தி இல்லை.

துறைத்தலைவர் அருமைநாயகம், வால் இல்லாததை வைத்து இது புதியதொரு பேரினம் என்று முடிவு செய்தார். அதை எழுதி வெளியிடுபவர் அவர் என்பதால் பெயர் சூட்டும் உரிமையும் அவருக்கே. தன் பெயரைத் தானே ஒரு செடிக்கு வைத்துக்கொள்வதை இந்தத் துறையில் யாரும் மதிப்பதில்லை. எனவே இருவர் பெயரையும் வைக்க நினைத்தார்.

செடியின் பெயரில் இரண்டு சொற்கள் உண்டு. முதற்சொல் பேரினத்துக்கு உரியது. பின்னால் எத்தனை உறவுச் செடிகள் கிடைத்தாலும் அத்தனைக்கும் அதுவே முன்னால் நிற்கும். இரண்டாம் சொல் அந்த ஒரு செடிக்கு மட்டும். அந்தப் பேரினம் தனியானதல்ல என்று பிற்காலத்தில் தெரியவந்தால் முதற்சொல் வழக்கொழியும். செடி வேறொரு பேரினத்தில் சேரும்போது இரண்டாம் சொல் பெரும்பாலும் கூடவே போகும். மூவருக்கும் இது தெரிந்ததுதான்.

ஐயம்பெருமாளுக்குப் பிள்ளைகள் இல்லை. தன் பெயர் சொல்ல ஒரு பேரினம் இருக்கும் என்ற ஆசையை அவரால் மறைக்க முடியவில்லை. பெயர் முடிவாக வேண்டிய நாளன்று கைருன்னிசா முதலில் வேறொன்றைச் சொன்னார்.

“சார், நேத்து தனியா எதிர்ச்சரிவுக்குப் போனேன். ஒரு செடியில ஒரே ஒரு பூவுக்கு மட்டும் வால் இருந்துச்சு. குருணை அளவுதான்.”

“ஏம்மா, ஒரு பூவுக்கு வால் முளைச்சா பேரினம் போயிருமா?” என்று தலைவர் சிரித்தார்.

“மேடத்துக்கு எதைக் கண்டாலும் சந்தேகம் சார். சாப்பாட்டுல கறிவேப்பிலை கெடந்தாக்கூட லென்ஸ் வெச்சுத்தான் பாப்பாங்க” என்றார் ஐயம்பெருமாள்.

“பாத்ததைச் சொன்னேன்” என்றார் கைருன்னிசா. பிறகு, “பெரிய பேரு அவருக்கே இருக்கட்டும் சார். எனக்குச் சின்னது போதும்.”

செடி 'பெருமாலியா கைருன்னிசே' ஆயிற்று. ஐயம்பெருமாள் வீடு கட்டியபோது வாசலில் 'பெருமாலியா' என்று கல்லில் வெட்டி வைத்தார். “காய்ச்சல் பேரு மாதிரில்லா இருக்கு” என்று அவர் மனைவி சொல்லிப் பார்த்தார், கல் அசையவில்லை.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து வேறு சிலர் மலைமலையாக அலைந்து ஆராய்ந்தார்கள். பல சரிவுகளில் ஒரே செடியில் வாலுள்ள பூவும் வாலில்லாத பூவும் கலந்து பூத்திருந்தன. செடியைக் காசித்தும்பைப் பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். பெருமாலியா போயிற்று. கைருன்னிசே நின்றது. கைருன்னிசா தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொல்லப் போனபோது, ஐயம்பெருமாள் அவருக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

“இவ்வளவு காலம் ஒரு பேரினத்துக்குச் சொந்தக்காரனா இருந்தாச்சு மேடம். எத்தனை பேருக்குக் கிடைக்கும்? உங்க பேரு நிக்குதுல்லா, அது போதும்.” சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமே இல்லையாம்.

இந்த இருவரில் விட்டுக்கொடுத்தவர் யார்?

ஐயம்பெருமாள் என்பது என் விடை. எதிர்ச்சரிவுப் பூவை நேரில் பார்த்தவர் கைருன்னிசா ஒருவரே. பெரிய பெயர் நிலைக்காது என்று அவர் கணித்திருக்க வேண்டும். அதற்காக ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். பார்த்ததை முதலில் சொல்லிவிட்டுத்தான் பெயரைக் கேட்டார். ஆனால் அவர் கையைவிட்டு எதுவும் போகவில்லை. ஐயம்பெருமாளோ ஆசைப்பட்டுப் பெற்றதை இழந்த அன்றும், அடுத்தவர் பெயர் நிற்பதில் மகிழ்ந்தார். இவ்வளவு யோசித்தும், ஒருவர் மனத்தை வெளியிலிருந்து அளந்துவிட்டோமோ என்ற குறுகுறுப்பு எனக்குப் போகவில்லை. போன மாதம் மேலப்பாளையத்தில் கைருன்னிசா மேடத்தின் வீட்டுக்குப் போய், கேட்டே விட்டேன்:

“மேடம், அன்னைக்கு ஐயம்பெருமாள் சார் முந்திக்கிட்டு அந்தச் சின்னப் பேரைக் கேட்டிருந்தா, நீங்க குடுத்திருப்பீங்களா?”