சுந்தரவடிவேலின் ஒப்புதல்

கல்லூரியில் பதினான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த கனகவல்லி, அவ்வேலையை விட்டுவிட்டுப் பெரியதொரு நிறுவனத்தில் மென்பொருள் ஆலோசகராகச் சேர்ந்தாள். அவளுக்குத் தொழில் பயிற்றுவித்த இர்பான் அவளைவிட ஏழு வயது இளையவர். அவளை அக்கா என்றே அழைத்தார்.

அவளுடைய தகுதிகாண் பருவம் அந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. நிறுவனத்தின் வாடிக்கையாளரான பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் தேங்கிய விண்ணப்பங்களை அதற்குள் நகர்த்திக் காட்டினால்தான் வேலை நிலைக்கும். கல்லூரிக்குத் திரும்ப வழியில்லை. இரண்டே நாளில் ஒரு சிறு நிரலை எழுதி, கணினியில் தன் பெயரில் தானாக ஓடும்படி அமைத்து, இர்பானிடம் ஒப்புதல் கேட்டாள்.

“தற்காலிக ஏற்பாடுதானே, சார். என் பெயரில் ஓடினால் என்ன?”

இர்பான் அவளைப் பதிவு அலுவலகத்தில் சுந்தரவடிவேல் என்பவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

அங்கே எல்லோரும் அப்பெயரை அடக்கத்தோடு உச்சரித்தார்கள். மிகவும் கண்டிப்பானவராம். காலையில்கூட நாற்பது விண்ணப்பங்களைத் திருப்பிவிட்டாராம். அவர் இருக்கை எதுவென்று அவள் கேட்டதற்கு, ஓர் எழுத்தர், வரிசையில் நின்ற ஒரு பெண்மணியைக் காட்டினார். சுந்தரவடிவேலின் மனைவி.

கணவரின் இறப்புச் சான்றிதழுக்காக அந்த அம்மாள் எட்டு மாதமாக நடக்கிறாள். கையிலிருந்த தாளை நீட்டினாள்.

‘மேற்படி நபர் உயிருடன் உள்ளார். விண்ணப்பம் திருப்பப்படுகிறது.’ திருப்பியவர் பெயர்: சுந்தரவடிவேல்.

“இருந்த காலத்துலயும் நான் கேட்டதை ஒரே தடவையில கொடுத்ததில்லைம்மா” என்றாள் அவள்.

கனகவல்லி கணினியில் தேடினாள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஆலோசகராக வந்த சுந்தரவடிவேல், பொய்யான இறப்புப் பதிவுகளைத் தடுக்க ஒரு விதி எழுதியிருந்தார். ஒருவர் பெயரில் கணினியில் அண்மையில் ஏதேனும் பணி நடந்திருந்தால் அவர் உயிருடன் இருப்பவர். அந்த விதி அவர் பெயரிலேயே நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்ததால், கணினிக்கு அவர் இன்னும் உயிருடன் இருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் இன்னொரு விண்ணப்பத்தைத் திருப்பினார்.

அவள் இர்பானிடம் திரும்பி வந்தாள்.

“அந்தப் பெயரை நீக்கிவிடலாமே, சார்?”

“நீக்கக் கேட்டோம், அக்கா. அந்தக் கோரிக்கையும் அவர் ஒப்புதலுக்குத்தான் போகிறது. பதினொரு முறை திருப்பிவிட்டார்.”



இர்பான் அவளுடைய ஒப்புதல் கோரிக்கைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“இதில் கையெழுத்திட எனக்குத் தடையில்லை. நீங்கள் இல்லாத நாளில் உங்களை யார் நிறுத்த வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.”