காணாமல் போன ஒரு லிட்டர்

ஏற்காட்டுக் காபி எஸ்டேட் முதலாளி நல்லசிவத்திடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் கூடுதலாகவே குடிக்கும் கார். அதனால் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அவரேதான் உருவுவார். வேறு யாரும் தொடக்கூடாது.

சேலம் ஷெட்டில் சனிக்கிழமை டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை இருந்தது ஆயில். மறுநாள் ஏற்காட்டு பங்களா வாசலில், மூக்கை மேட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு சரிவில் நின்ற காரில், அது கீழ்க் கோட்டைக்கூடத் தொடவில்லை.

"ஒரே ராத்திரியில ஒரு லிட்டரை வித்துட்டியா?" என்று டிரைவர் சகாயத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சமதரையில நிறுத்திப் பார்க்கணுங்கய்யா."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? நான் காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆயில் உள்ள இருக்கணும். இல்லேன்னா போலீஸ்தான்."

திருட்டை மறைக்கப் புது ஆயில் வாங்க சகாயம் கடைப்பக்கம் நழுவிவிடாமல் இருக்க, எஸ்டேட் மானேஜரைக் காவலுக்கு நிறுத்தினார். சகாயம் எங்கும் போகவில்லை. காரைத் திருப்பி, மூக்கு பள்ளத்தைப் பார்க்க அதே இடத்தில் நிறுத்தினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டாவது டம்ளர் காபியையும் முடித்துவிட்டு வந்த முதலாளி டிப்ஸ்டிக்கை உருவினார். ஆயில் மேல் கோட்டையும் தாண்டியிருந்தது. அவர் மானேஜரைப் பார்த்தார்.

"ஒரு சொட்டுகூட ஊத்தலைங்கய்யா. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்," என்றார் மானேஜர்.

முதலாளி சகாயத்தின் பக்கம் திரும்பினார். "அப்புறம் எப்படிய்யா திரும்ப வச்ச?"

"எப்படி எடுத்தேனோ, அப்படியேதாங்கய்யா வச்சேன்."