வக்கிரகேதுவுக்கு ஒரு நோட்டீஸ்

உலகத்தில் எத்தனையோ அரசாங்கங்கள் வீடியோ கேமைக் கண்டு நடுங்கியிருக்கின்றன. ஒரு நாட்டில் ரத்தத்தைப் பச்சை நிறமாக்கிக் காட்டினார்கள். இன்னொரு நாட்டில் எலும்புக்கூட்டுக்குச் சதை வைத்து மூடினார்கள். இதையெல்லாம் பேப்பரில் படித்த கோணங்குடி நாட்டு அமைச்சருக்கு, நாம் மட்டும் எதையும் தடை செய்யாமல் சும்மா இருக்கிறோமே என்று மானம் போன மாதிரி இருந்தது. கோணங்குடியை வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போட வந்தவரிடம் அனுமதிச் சீட்டு கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அமைச்சர் ஒரே வாரத்தில் விளையாட்டுக் கண்காணிப்புத் துறை என்று ஒன்றைத் தொடங்கினார். அதில் நான்கு பேர். இயக்குநர் அரங்கண்ணல், சட்ட ஆலோசகர் மதுரவல்லி, எழுத்தர் பூவராகன், கண்காணிப்பாளர் சிவக்கொழுந்து. இந்த சிவக்கொழுந்து இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு ஃபைலைக்கூடத் தொலைத்ததில்லை. எந்த ஃபைலையும் கையில் எடுத்ததில்லை என்பதுதான் காரணம். தடை நல்லபடியாக முடிந்தால் அவரைத் துணை இயக்குநர் ஆக்குவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். மனுஷர் அந்தப் பதவியை நினைத்தே சாப்பிட்டார், அதை நினைத்தே தூங்கினார்.

முதல் வேலையாக 'எரிமலைக் கோட்டை' என்ற விளையாட்டை வாங்கி வந்து டி.வி.யில் போட்டார்கள். ஆரம்பத்திலேயே வக்கிரகேது என்ற கொம்பு வைத்த அரக்கன் மூன்று கிராமங்களைக் கொளுத்தினான். நான்கு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அதைக் குறிப்பெடுத்தார்கள்.

"சட்டம் என்ன சொல்லுது மேடம்?" என்று கேட்டார் இயக்குநர்.

"விளக்கம் கேக்காம யாரையும் தண்டிக்கக் கூடாது சார். குத்தம் செஞ்சவன்கிட்ட நோட்டீஸை நேர்ல குடுத்துக் கையெழுத்து வாங்கணும்" என்றார் மதுரவல்லி.

"யாருக்குக் குடுக்கறது? கேமைத் தயாரிச்ச கம்பெனிக்கா?"

"கம்பெனிக்காரன் ஊரைக் கொளுத்தினதை நீங்க பாத்தீங்களா?"

"இல்லையே."

"கொளுத்தினது யாரு?"

"வக்கிரகேது."

"அப்ப நோட்டீஸ் அவனுக்குத்தான்."

இதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. 'வக்கிரகேது, எட்டாவது கட்டம், எரிமலைக் கோட்டை' என்று முகவரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். பத்தாம் நாள் கவர் திரும்பி வந்தது. ஆகவே நேரில் போய்க் கொடுத்து வரும்படி சிவக்கொழுந்துக்கு உத்தரவு போட்டார் இயக்குநர்.

சிவக்கொழுந்து வெளியூர்ப் பயணப் படிவம் பூர்த்தி செய்து, ஷூ மாட்டி, தண்ணீர் பாட்டிலைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தார். விளையாட்டு அவருடைய பெயரைக் கேட்டது. அரசு வேலையாகப் போகிறவர் பதவியை மறைக்கக் கூடாது என்று மதுரவல்லி சொன்னதால், 'திரு. அ. சிவக்கொழுந்து, கண்காணிப்பாளர்' என்று பூவராகன் முழுசாக அடித்துக் கொடுத்தார்.

முதல் கட்டத்திலேயே ஒரு கிழவர் எதிரில் வந்து, "வீரனே, இந்த வாளை ஏற்றுக்கொள்" என்றார். சிவக்கொழுந்து கையை நீட்டப் போனார்.

"வாங்காதீங்க. அரசு ஊழியர் வெளியாள்கிட்ட பரிசு வாங்கக் கூடாது" என்றார் மதுரவல்லி.

வாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் வெறுங்கையோடு காட்டுக்குள் நடந்தார். வழியை மறித்துக்கொண்டு ஒரு ஓநாய் நின்றது. அந்தச் சமயம் பார்த்து மணி ஒன்று அடித்தது. உணவு இடைவேளை. சிவக்கொழுந்து ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். கோணங்குடி நேர அட்டவணை அந்த ஓநாய்க்குத் தெரியாது. புளியோதரை இரண்டாவது வாய் உள்ளே போகும்போது திரையில் எழுத்து வந்தது: 'திரு. அ. சிவக்கொழுந்து, கண்காணிப்பாளர் இறந்தார்.'

பூவராகன் எழுந்து நின்றார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், நான் இங்கதான் இருக்கேன்" என்றார் சிவக்கொழுந்து.

"நீங்க சொல்றது வாய்வார்த்தை. அது எழுத்துல இருக்கு. பேர் இருக்கு, பதவி இருக்கு. நாலு பேரும் கண்ணால பாத்தோம்" என்றார் மதுரவல்லி.

"நீங்களும்தானே பாத்தீங்க சிவக்கொழுந்து?" என்று தழுதழுத்த குரலில் கேட்டார் இயக்குநர். சிவக்கொழுந்து பொய் சொல்லிப் பழகாதவர். பார்த்ததாக ஒப்புக்கொண்டார்.

அன்று மாலையே இரங்கல் கூட்டம் நடந்தது. சிவக்கொழுந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். அப்பழுக்கில்லாத மனிதர், அவர் இடத்தை யாரும் நிரப்ப முடியாது என்று இயக்குநர் அரைமணி நேரம் பேசினார். உயிரோடு இருந்த இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அவரைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் விசும்பி விசும்பி அழுதார். மறுநாள் காலை வருகைப் பதிவேட்டில் தன் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருப்பதைப் பார்த்தபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. துணை இயக்குநர் பதவி கிடக்கட்டும், இருந்த வேலையும் போயிற்று.

அவர் டி.வி.யைப் போட்டு மூலையில் இருந்த இரண்டு சிவப்பு இதயங்களைக் காட்டினார். "சார், எனக்கு இன்னும் ரெண்டு உயிர் பாக்கி இருக்குன்னு இதுலயே போட்டிருக்கு."

துறை கூடி விவாதித்தது. மதுரவல்லி விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். "ஒரு அரசு ஊழியருக்கு ஒரு உயிர்தான் சார் அனுமதி. மேல்கொண்டு ரெண்டு வெச்சிருந்ததை இவர் துறைகிட்ட சொல்லவே இல்ல. அதுவே பெரிய தப்பு. உபரியை அரசாங்கத்துகிட்ட ஒப்படைக்கணும்."

அப்படியே ஆயிற்று. இரண்டு உபரி உயிர்களும் மாண்புமிகு அமைச்சருக்கு அன்பளிப்பாக எழுதப்பட்டன. ஒப்படைத்ததற்கு சிவக்கொழுந்திடமே கையெழுத்து வாங்கினார்கள். செத்தவர் கையெழுத்து செல்லுமா என்று பூவராகன் கேட்டதற்கு, நல்ல காரியத்துக்குச் செல்லும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

சிவக்கொழுந்து இடிந்துபோய் வீட்டுக்கு வந்தார். மனைவி தையல்நாயகி ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் கேட்டாள்.

"சர்வீஸ்ல செத்தா வாரிசுக்கு வேலை குடுப்பாங்கல்ல?"

"குடுப்பாங்க. நீ வர்றியா?"

"அந்த மூணு பேரோட நான் உக்காரணுமா? நீங்களே வாரிசாப் போங்க."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. மனு கொடுத்தார். மதுரவல்லி நான்கு நாள் விசாரணை நடத்தி அறிக்கை எழுதினார்: 'இறந்தவருக்கும் மனுதாரருக்கும் ஒரே பெயர், ஒரே முகம், ஒரே கையெழுத்து. நெருங்கிய உறவு என்பதில் ஐயமில்லை.' கருணை அடிப்படையில் சிவக்கொழுந்துக்கு அலுவலக உதவியாளர் வேலை கிடைத்தது. பழைய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு டீ வாங்கி வரும் வேலை. சம்பளம் சுருங்கினாலும் பதிவேட்டில் மறுபடி பெயர் ஏறியதே என்று அவர் மனம் நிறைந்தது.

நோட்டீஸ் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. அமைச்சருக்கு இரண்டு உயிர் வந்திருப்பதால் அதை உபயோகிப்பதுதான் மரியாதை என்று இயக்குநர் நினைத்தார். 'மாண்புமிகு அமைச்சர்' என்று பெயர் அடித்து, அவரே ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். கிழவர் வாளை நீட்டினார். அமைச்சர் என்றாலும் விதி விதிதான் என்று மதுரவல்லி தடுத்துவிட்டார். ஓநாய் அதே இடத்தில் நின்றது. 'மாண்புமிகு அமைச்சர் இறந்தார்' என்று திரை சொன்னது. பூவராகன் பழக்கதோஷத்தில் அமைச்சர் வீட்டுக்கே போன் போட்டு, அமைச்சரிடமே இரங்கல் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் தடை உத்தரவு பறந்து வந்தது. எரிமலைக் கோட்டை விளையாட்டும், அதற்குள் நடந்த எதுவும் கோணங்குடியில் செல்லாது என்று அமைச்சர் கையெழுத்துப் போட்டிருந்தார். சிவக்கொழுந்து டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். "அப்படின்னா நான் சாகலை."

"சாகலைன்னா, வாரிசு வேலை எப்படி வாங்கினீங்க?" என்றார் மதுரவல்லி.

செத்ததாகச் சொல்லித் துறையை ஏமாற்றிய குற்றத்துக்காகக் கண்காணிப்பாளர் சிவக்கொழுந்துக்கு நோட்டீஸ் தயாரானது. அவர் அதை வாங்கிய ஏழாம் நாள் இரண்டு வேலையும் பறிபோகும். நோட்டீஸை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரும்படி அலுவலக உதவியாளர் சிவக்கொழுந்திடம் ஒப்படைத்தார்கள்.

சிவக்கொழுந்து உத்தரவு என்று வந்துவிட்டால் சுணங்கமாட்டார். வேகாத வெயிலில் சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"சிவக்கொழுந்து இருக்காரா?"

தையல்நாயகி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆபீசுக்குப் போயிருக்கார்."

அவர் கவரின் மேல் 'ஆள் வீட்டில் இல்லை' என்று எழுதிக்கொண்டு, வந்த வேகத்தில் ஆபீசுக்குத் திரும்பினார்.

"சிவக்கொழுந்து இங்க வந்தாரா சார்?" என்று கேட்டார்.

பூவராகன் நகர்வுப் பதிவேட்டைப் பார்த்தார். "இப்பத்தான் யாருக்கோ நோட்டீஸ் குடுக்கறேன்னு கிளம்பிப் போனார்."

சிவக்கொழுந்து நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சைக்கிளை எடுத்தார்.

"ஆள் பெரிய கில்லாடி சார். நான் எங்க போனாலும் அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அங்கேருந்து கிளம்பிடறான்."