தண்ணீர் ஒட்டாத பொடி

கிட்டே வந்து உட்காருங்கள், காற்று என் பேச்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஓர் ஏரியில் ஒரு நீர்க்காகம் இருந்தது. ஒரு முங்கு முங்கி எழுந்தால் இறகெல்லாம் தொப்பலாகிவிடும். காயும்வரை சிறகை விரித்துக் கல்லில் நிற்கவேண்டும். அதன் சிநேகிதி ஊசிவால் வாத்துக்கு அந்தக் கஷ்டமில்லை. பங்குனி வந்தால் கூட்டத்தோடு வடக்கே பறந்துவிடும்.

"அங்கே மலையெல்லாம் வெள்ளையா இருக்கும்டி!" என்று வாத்து சொல்லும்.

ஒருதரமாவது கூடப் போகமாட்டோமா என்று நீர்க்காகம் ஏங்கிக் கிடந்தது. வழியில் பசித்து முங்கினால், அது காயும்வரை கூட்டம் காத்திருக்குமா?

அந்தப் பங்குனியில் குள்ளநரி ஓர் இலைப் பொட்டலத்தோடு வந்தது.

"தண்ணி ஒட்டாத பொடி! ஊர்ல மனுசங்க சட்டைக்கும் செருப்புக்கும் பூசிக்கிறாங்க. ஆளுக்கொரு மீன் குடுங்க, போதும்!"

"பொட்டலத்துல ஒண்ணையும் காணோமே?" என்றது கரையோரத் தவளை.

"தூசியையே தூசியா உடைச்சது, தங்கச்சி. கண்ணுக்குத் தெரியாது!"

உதிர்ந்த இறகொன்றில் தடவித் தண்ணீர் தெளித்தது நரி. தண்ணீர் முத்து முத்தாய் உருண்டோடியது. கரையே வாய்பிளந்தது.

எல்லோரையும்விட நீர்க்காகத்துக்குத்தான் ஆசை. ஆனாலும் கேட்டது.

"அண்ணே, இறகுல இருந்து கழுவிப்போனா, இது எங்கே போகும்?"

"எங்கேயோ போகும்! இத்தனூண்டு என்ன செய்யும்?"

"ஏரிக்குள்ளதானே வரும்? என் மீனும் தவளையோட முட்டையும் அங்கதானே இருக்கு?"

"சும்மா இரு, அக்கா! நரி கோவிச்சுக்கிட்டுப் போயிடப்போகுது," என்றது தவளை.

கரையில் எருமை மிதித்த குழிகளில் தண்ணீர் நின்றது. கொசுப்புழுக்கள் நெளிந்தன. "இதுல ஒரு குழியில கொஞ்சம் கொட்டு, எல்லாரும் பார்ப்போம்," என்றது நீர்க்காகம். நரி சிரித்துக்கொண்டே கொட்டியது.

மறுநாள் அந்தக் குழியில் பாதிப் புழு அசையவில்லை.

"வெயில்ல செத்திருக்கும்!" என்று சீறியது நரி.

"பக்கத்துக் குழிக்கும் அதே வெயில்தான், அதுல நெளியுதே!" என்றது நீர்க்காகம். "பொடிதான் கொன்னுச்சுன்னு சத்தியம் பண்ணமாட்டேன். பயமில்லேன்னும் சொல்லமாட்டேன். தெரியறவரைக்கும் ஏரிக்குள்ள வேண்டாம்."

"அப்போ நீ எப்படி வடக்கே போவே?" என்றது நரி, மெல்ல.

நீர்க்காகம் சிறகை விரித்துக்கொண்டு தன் கல்லுக்குத் திரும்பியது. தவளை தன் முட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. யாரும் மீன் கொடுக்கவில்லை. நரி பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு நடையைக் கட்டியது.

அன்று சாயங்காலமே வாத்துக்கூட்டம் கிளம்பிற்று. "வாடீ!" என்று சிநேகிதி தலைக்குமேல் வட்டமடித்தது. அது புள்ளியாகி மறையும்வரை நீர்க்காகம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. மேற்கே கோடைமழை கறுத்து வந்தது. பொடி கொட்டிய குழி நிரம்பினால் ஏரிக்குள்தான் வழியும். நீர்க்காகம் இறங்கிப்போய், அலகு அலகாய்க் களிமண் அள்ளிவந்து அந்தக் குழியை மூடியது.

ஆசை எவ்வளவு பெரிதானாலும், கண்ணுக்குத் தெரியாததை ஊர்த்தண்ணீரில் இறக்குமுன் நாலுபேர் முன்னால் கேட்டுவிடவேண்டும்.